கேன்டீன் மெனுவுக்கு ஒரு தூங்காத ப்ராசஸ்

எப்போதும் விழித்திருப்பதா, வேளைக்கு எழுந்தால் போதுமா என்பது ஞானிகளே தீர்க்காமல் விட்டுப்போன கேள்வி. ஹெப்பகோடியை ஒட்டிய ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், கேன்டீன் மெனுவை ஊழியர்களுக்கு மெயிலில் அனுப்புவது பற்றிய மீட்டிங்கில் அது மறுபடி கிளம்பியது.

“பதினொன்னரைக்கு ஒரு ஷெட்யூல்டு ஜாப் போதும் சார். எழுந்துக்கும், மெனுவை அனுப்பும், படுத்துடும்,” என்றாள் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துபோகும் எலிசபெத்.

அவளுடைய டீம் லீடர் கோதண்டராமனுக்கு அது ரசிக்கவில்லை. முதன்மை ஆர்க்கிடெக்ட் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே வரியில் முடிகிற வேலையைக் காட்டி அதை எப்படிக் கேட்பது?

“படுத்துடுமா? அல்லும் பகலும் ஓடிக்கிட்டே இருக்கிற ப்ராசஸ் வேணும் எலிசபெத். திடீர்னு மெனு மாறினா?”

“சாம்பார் கொதிச்சப்புறம் அதை யாரு சார் ரசமா மாத்தப் போறாங்க?”

“ஒரு முதன்மை ஆர்க்கிடெக்ட் அப்படி யோசிக்க மாட்டான்.”

“நீங்க இன்னும் ஆகலையே சார்.”

டைரக்டர் க்ளென் சிரித்தார். கோதண்டராமனின் ப்ராசஸ் ஒரு மாதம் பிசகாமல் மெயில் அனுப்பினால் பதவி அவருக்கே என்றார்.

ப்ராசஸ் நொடிக்கு நொடி மெனுவை எட்டிப் பார்த்தது. பார்த்ததையெல்லாம் சர்வரின் மெமரியில் அடுக்கியது. சாயங்காலத்துக்குள் மெமரி நிரம்பி, மூச்சு முட்டிச் செத்தது. கோதண்டராமன் என்னென்னவோ வைத்தியம் பார்த்தார், தினமும் செத்தது. கடைசியில், காலையில் அதைத் தட்டி எழுப்புவதற்கென்று ஒரு ஷெட்யூல்டு ஜாபை ஓசைப்படாமல் போட்டுவைத்தார். எலிசபெத் பார்த்துவிட்டாள்.

“இது இன்னா சார்?”

“ஜாப் இல்லம்மா. கோயில்ல தினமும் சாமியை எழுப்புறாங்க. அதுக்காகச் சாமி தூங்கிடுச்சுன்னா சொல்றோம்?”

“தூங்கலைன்னா எதுக்கு சார் எழுப்புறீங்க?”

மாதம் முடிந்தது. பதவி வந்தது. மாலை, சால்வை, தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை. உணர்ச்சிவசப்பட்ட க்ளென், இனி கம்பெனி சர்வர்களில் நேரம் வைத்து ஓடுகிற ஜாப் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இன்றே அத்தனையையும் அழித்துவிடுங்கள் என்று மேடையிலேயே உத்தரவு போட்டார். கூடம் அதிர்ந்தது. பேட்டா கண்ணை மறைக்க, கோதண்டராமனும் கைதட்டினார்.

மெனு மெயில் இன்றும் தவறாமல் வருகிறது. சாப்பாட்டு வேளைக்கு முன் முதன்மை ஆர்க்கிடெக்ட் கேன்டீனுக்கு ஃபோன் போட்டு, என்ன குழம்பு என்று கேட்டு, தாமே டைப் அடித்து அனுப்புகிறார்.