ஷெட்டுக்கு அடியில் இருந்த பள்ளம்

அண்ணன் கட்டட மேஸ்திரி. இடித்த வீடுகளின் செங்கல், கான்கிரீட் எல்லாவற்றையும் கொண்டுவந்து தன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கொட்டி, பாதியைத் தூர்த்து, அதன்மேல் கார் ஷெட் போட்டுக்கொண்டான். எதிர்க்கரையில் தங்கச்சியின் தையல் கடை. இடம் பறிபோன தண்ணீர் வேறு எங்கே போகும்? போன புயலில் நேரே அவள் கரையை அறுத்து, கடையில் பாதியை மிஷின்களோடு வாரிக்கொண்டு போயிற்று.

கேட்கப் போனாள். "தண்ணிக்கு வழி சொன்னது நானா? போம்மா, போய் வேலையப் பாரு" என்று பல் குத்திக்கொண்டே சொன்னான்.

கோடையில் தண்ணீர் வற்றியபோதுதான் அதைப் பார்த்தாள். நெருக்கிய இடத்தில் சுழித்த வெள்ளம், ஷெட்டின் அஸ்திவாரத்துக்கு அடியில் மண்ணையெல்லாம் தோண்டி எடுத்திருந்தது. ஒரு எருமை தாராளமாகப் படுக்கலாம், அவ்வளவு பள்ளம். மேலே நின்று கார் துடைக்கிற அண்ணனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? எதிர்க்கரையிலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வாளா? காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பள்ளத்தைக் கண் குளிரப் பார்த்துக்கொள்வாள். "இரு, உனக்கு இருக்கு" என்று முணுமுணுத்தபடி ஊசியில் நூல் கோப்பாள்.

அடுத்த புயல் வந்தது. பட்டப்பகலில், அவள் கண்ணெதிரே, ஷெட் காரோடு சரிந்து கால்வாயில் விழுந்தது. "அப்படிப் போடு!" என்று கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், விழுந்த கான்கிரீட்டும் காரும் கால்வாயை அடைத்துக்கொள்ள, வெள்ளம் ஏறித் திரும்பி அவள் கடைக்குள்ளேயே பாய்ந்தது. மார்பளவு தண்ணீரில் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

பாலத்தின் வழியே சுற்றி ஓடிவந்தது அண்ணன்தான். பக்கத்து வீட்டு மாடிப்படியில் நின்று கயிற்றை வீசினான். அவள் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். அவன் மூச்சு வாங்க இழுத்தான்.

"ஷெட்டு எப்படிப் போச்சுன்னே தெரியல... பாத்தியா, ஆபத்துன்னா நான்தான் வரணும். அன்னைக்கு என்ன வாய் பேசின!"

பேசாமல் இருந்திருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு, அந்த நேரத்திலும் சும்மா கிடக்கவில்லை.

"எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும்ணே. கோடையிலயே பாத்துட்டேன். விழட்டும்னுதான் சொல்லல."

அண்ணன் அவளையே பார்த்தான்.

"எம்பொண்ணு தினமும் அங்கதானடி விளையாடுவா."

அவளுக்கு அது தெரியாததல்ல.

கயிறு அவன் கையில்தான் இருந்தது. ஆனால் இழுப்பதை நிறுத்திவிட்டான்.