கை எட்டாத இடம்

அந்தத் தெருவில் பாதிப் பெண்களின் முதுகு அவளுக்கு மனப்பாடம். யாருக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது, யாருக்குக் கூன் விழ ஆரம்பித்திருக்கிறது, யார் போன வருஷத்துக்கு இந்த வருஷம் இரண்டு சுற்று பெருத்திருக்கிறார்கள், எல்லாம் அத்துப்படி. பழைய உடுப்பைப் பிரித்துப் புது அளவுக்குத் தைத்துக் கொடுக்கும் கடை அவளுடையது. ஆள் உள்ளே வந்து திரும்பி நின்றால் போதும், டேப்பைத் தொடாமலே அளவு சொல்லிவிடுவாள். எல்லாருக்கும் அவள் டெய்லரக்கா. பெயர் சொல்லிக் கூப்பிட உரிமை இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். முதுகில் ஜிப் வைத்த கவுனைக் கொண்டுவந்து, ஜிப்பை முன்பக்கம் மாற்றிக் கொடுங்கள் என்று சில பெண்கள் கேட்பார்கள். தனியாக இருப்பவர்கள். ஏன் என்று அவள் வாயைத் திறந்து கேட்டதில்லை. கணவர் இறந்த பிறகு தன் உடுப்புகளில் அவள் செய்த முதல் வேலையும் அதுதான். குழந்தை குட்டி இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை, அம்மா அப்பாவுக்கு அவள் ஒரே பெண். ஆக, அவர் போன நாளிலிருந்து அவள் முதுகைப் பார்த்த மனுஷர் யாரும் கிடையாது. அவளைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசக்கூட ஆள் இல்லை, அவ்வளவு நல்லவளாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் துவைக்கப் போட்ட பனியனில் ரத்தக் கறை தெரிந்தது. நடு முதுகு. கையை மேலிருந்து விட்டாள், எட்டவில்லை. கீழிருந்து விட்டாள், தோள்பட்டை கடக்கென்றதுதான் மிச்சம். புற்றுநோயேதான் என்று தானே தீர்ப்புச் சொல்லி, தானே அழுது, தானே முகத்தைக் கழுவிக்கொண்டு தோல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை முதுகில் வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா இருக்கும்மா இது?"

"தெரியலைங்க."

"முன்ன இருந்ததைவிடப் பெருசாயிருக்கா?"

"தெரியலையே டாக்டர்."

"வீட்ல யாரும் பாத்துச் சொல்லலையா?"

"கவனிச்சிருக்க மாட்டாங்க," என்றாள் அவள்.

"பயப்பட ஒண்ணுமே இல்லை. வயசானா தோல்ல இந்த மாதிரி மரு வரத்தான் செய்யும். ஒரு கெடுதலும் பண்ணாது. துணி உரசி ரத்தம் வந்திருக்கு, அவ்வளவுதான். தொந்தரவா இருந்தா உறைய வச்சு எடுத்துடலாம்."

அப்பாடா என்றிருந்தது. கூடவே, சொன்னால் வெட்கக்கேடு, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. பெரிய வியாதி என்றால் யாரையாவது தேடிப் பிடித்துச் சொல்லியாக வேண்டும். ஒரு மருவை யாரிடம் போய்ச் சொல்வது?

குப்புறப் படுக்கச் சொன்னார்கள். நர்ஸ் ஒரு குடுவையை எடுத்துவந்தாள். நாற்பது வயசு இருக்கும், வாய் ஓயாத பெண். குடுவையைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை கிளம்பித் தரையைப் பார்த்து இறங்கியது. "ஐஸைவிடப் பல மடங்கு சில்லுன்னு இருக்கும்க்கா. ஆனா சுடற மாதிரிதான் தெரியும்," என்று சொல்லி ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மருந்தைப் பீய்ச்சினாள். முதலில் ஊசி குத்தியது, அப்புறம் நெருப்பு வைத்தது. உறைந்தது இளகட்டும் என்று விட்டு இன்னொரு தரம். அந்த வலியிலும் அவள் கவனமெல்லாம் தோளில் இருந்த கை மேல்தான் இருந்தது. ரப்பர் கையுறையைத் தாண்டியும் அந்தக் கை கதகதப்பாக இருந்தது.

முடித்துவிட்டு டாக்டர் சொன்னாள்: "நாளைக்குக் கொப்புளம் கிளம்பும், பயந்துடாதீங்க. தானா காஞ்சு பக்கு மாதிரி உதிர்ந்துடும். அது வரைக்கும் தினம் சுத்தம் பண்ணிக் களிம்பு போட்டு மூடி வைக்கணும். காய விட்டா துணி ஒட்டிக்கும். உங்க கை எட்டாது. வீட்ல போட்டு விட ஆள் இருக்காங்கல்ல?"

இல்லை என்று ஒரு சொல். சொல்லியிருக்கலாம். ஆனால் முதுகைக் கொடுத்துக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு எந்நேரமும் அளவெடுக்கிறவளுக்கு, தன் முதுகைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தபோது, இல்லை என்று சொல்ல நாக்கு கூசியது.

"தங்கச்சி இருக்கா," என்றாள்.

டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே பேசினாள். "நல்லதாப் போச்சு. யாரும் இல்லாதவங்களைத் தினம் இங்க வரச் சொல்லி நாங்களே போட்டு விடுவோம். உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை."

ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா இந்த வாய்? இப்போது என்ன செய்வது? பிறந்து ஒரு நிமிஷம் ஆகாத தங்கச்சியைப் பிறந்த இடத்திலேயே கொன்றுபோட முடியுமா? "ஆமா, அலைச்சல் இல்லை," என்று சொல்லிவிட்டு எழுந்து பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கரண்டிக் காம்பில் பஞ்சு சுற்றிக் களிம்பு தடவிப் பார்த்தாள். களிம்பு கழுத்தில் ஆனது, கவுனில் ஆனது, சுவரில்கூட ஆனது. போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகவில்லை. பக்கத்துக் கடைச் செருப்புக்காரர் மனைவியைக் கேட்கலாம். கேட்டால் மாட்டேன் என்றா சொல்வாள்? ஓடி வந்து செய்வாள். செய்துவிட்டு, 'ஐயோ பாவம், இதுக்குக்கூட ஆள் இல்லையா' என்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் புண்ணே தேவலை என்று டெய்லரக்கா முடிவு செய்தாள்.

அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. பனியனின் உள்பக்கம், சரியாக மரு இருக்கும் இடத்தில், மருந்துத் துணியைச் சதுரமாக வெட்டித் தைத்துவிட்டால்? அதில் களிம்பைத் தடவிப் போட்டுக்கொண்டால் அது பாட்டுக்குப் புண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும். தினமும் பிரித்துப் புதுத் துணி தைத்துக்கொள்ளலாம். யார் தயவும் வேண்டாம்.

அளவுதான் சிக்கல். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற டேப் தன் முதுகில் நிற்காமல் வழுக்கியது. கடையில் உடுப்பு மாற்றிப் பார்க்கிற தடுப்புக்குள் எதிரெதிராக இரண்டு கண்ணாடிகள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் நின்றாள். பிளாஸ்திரி முதுகுத்தண்டுக்கு இடது பக்கம் தெரிந்தது. கண்ணாடி இடதை வலதாகக் காட்டும், அவளா ஏமாறுவாள்? வலது பக்கம் குறித்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைத்தாள். சின்னச் சின்னத் தையல், சீரான தையல். கல்யாணத்துக்குத் தைக்கிற உடுப்புக்குக்கூட அப்படித் தைத்திருக்க மாட்டாள்.

மறுநாள் குளிக்கும்போது பிளாஸ்திரி நனைந்து தானே கழன்றது, அவள் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டாள். கடைக்கு வந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நர்ஸ்தான்.

"கொப்புளம் வந்திருக்காக்கா? தங்கச்சி களிம்பு போட்டு விட்டாங்களா?"

"போட்டா, போட்டா. கைதான் முரட்டுக் கை."

"என்ன வேலை பாக்கறாங்க?"

"பள்ளிக்கூடத்துல டீச்சர்," என்றாள் யோசிக்காமல். "பிள்ளைங்களை அதட்டி அதட்டி என்னையும் அதட்டறா. அசையாத, திரும்பாதன்னு ஒரே அதிகாரம்."

நர்ஸ் சிரித்தாள். "எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா, இதே மாதிரிதான்."

போனை வைத்த பிறகும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பொய்க்குக் கை கால் முளைத்தது போதாதென்று இப்போது உத்தியோகமும் கிடைத்துவிட்டது. அதோடு நின்றதா? கடையை அடைத்து வீட்டுக்கு நடக்கும்போது, தங்கச்சி இப்போது வந்திருப்பாளோ என்று ஒரு நினைப்பு. இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள். இன்னொரு நாள் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டவள், "என்னடி இருட்டுல உக்காந்திருக்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருஷம் தனியாக இருந்தும் அந்த வீடு அவளுக்கு இவ்வளவு காலியாகத் தெரிந்ததில்லை.

இதற்கிடையில் முதுகு எரிய ஆரம்பித்தது. முதுகில் வலி இன்ன இடம் என்று விரல் வைத்துச் சொல்லாது, பொதுவாக நடுவில் எரிந்தது. களிம்பு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் அப்பினாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டிய நாள் வந்தது. தையலைப் பிரித்து மருந்துத் துணியை எடுத்துவிட்டு, சாதாரணப் பனியனோடு போவதாகத் திட்டம். தையல் போட்டதை நர்ஸ் பார்த்தால் தங்கச்சியின் கதி என்ன ஆவது? ஆனால் பனியனைக் கழற்றப் போனால் உயிர் போகிற வலி. ராத்திரியில் கொப்புளம் உடைந்து, காய்ந்து, துணியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அதோடேயே கிளம்பினாள்.

"டாக்டர் வர்றதுக்குள்ள நான் பிரிச்சு வைக்கறேன்," என்று நர்ஸ் அவளைக் குப்புறப் படுக்க வைத்தாள். பனியனில் ஓடிய தையலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்து, இழை இழையாக விடுவித்து, பனியனை மேலே சுருட்டினாள். உள்பக்கம் சதுரமாக மருந்துத் துணி, நாலு பக்கமும் பொடித் தையல். முதுகுத்தண்டுக்கு வலது பக்கம் ஒரு குற்றமும் இல்லாத தோல் களிம்பில் ஊறிப் பளபளவென்று இருந்தது. இடது பக்கம் புண் வறண்டு சிவந்து கிடந்தது.

"அக்கா," என்றாள் நர்ஸ் மெதுவாக, "மருந்தெல்லாம் இந்தப் பக்கம் இருக்கு. புண்ணு அந்தப் பக்கம்ல இருக்கு."

"கண்ணாடியில மாத்தித் தெரியுமேன்னு நான்தான்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஒரு கண்ணாடி மாற்றிக் காட்டும், எதிரே இன்னொன்று இருந்தால் அது திரும்ப நேராக்கிவிடும். வாடிக்கைக்காரிகளுக்கு அவளே எத்தனையோ தடவை சொன்ன சங்கதி. ஆனால் இப்போது அதுவா முக்கியம்? போட்டு விடத் தங்கச்சி இருக்கிறவள் எதற்காகக் கண்ணாடி பார்க்க வேண்டும்?

நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வாய் ஓயாதவள், அன்றைக்கு வார்த்தையை அளந்து பேசினாள்.

"தங்கச்சி ஊர்ல இல்லையாக்கா?"

"ஆமா," என்றாள் அவள், தலையணையில் முகம் புதைத்தபடி. "போயிட்டா."

"எப்ப வருவாங்க?"

அடுத்த வாரம் என்று சொன்னால் முடிந்தது. இவ்வளவு சொன்னவளுக்கு அது ஒரு பெரிய காரியமா? வாயைத் திறந்தாள். அடுத்த வாரம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "இனிமே வர மாட்டா," என்றாள். "வரவே மாட்டா நர்ஸம்மா."

இல்லாத தங்கச்சிக்காக, கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தவள் போல அழுதாள். கணவர் இறந்தபோது வந்தவர்களைக் கவனிக்கவும் போனவர்களை வழியனுப்பவுமே சரியாக இருந்தது, இப்படி அழ வாய்க்கவில்லை. நர்ஸ் அவள் முதுகு குலுங்கி ஓய்கிற வரைக்கும் தோளில் கை வைத்துக் காத்திருந்தாள். பிறகு புண்ணைத் துடைத்து, சரியான இடத்தில், விரல் படுவதே தெரியாமல் களிம்பைத் தடவினாள்.

"இனிமே தினம் கடை திறக்கறதுக்கு முன்னாடி இங்க வந்துடுங்கக்கா. நானே போட்டு விடறேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? எங்க வேலையே இதுதானே."

"எவ்வளவு நாளைக்கு வரணும்?"

நர்ஸ் குனிந்து புண்ணை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். அவளைத் தேற்ற வேண்டும் என்ற ஆசையில், குரலைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ரொம்ப நாளெல்லாம் இல்லைக்கா. சீக்கிரமே ஆறிடும், கவலைப்படாதீங்க."

அவ்வளவு சீக்கிரம் ஆற வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.