படகில் நிறுத்திய ஏணி

படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளி, ஏரிக்குள்ளேயே ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. இருட்டியபின் திரும்பும் படகுகளுக்கு வழி தெரிய அதன் உச்சியில் சோலார் விளக்கு. அதன் பேட்டரி செத்துப்போயிருந்தது. பழவேற்காட்டில் வயரிங் வேலை செய்யும் கேசவன் அதை மாற்றித்தர ஒத்துக்கொண்டான்.

கம்பத்தடியில் இடுப்பளவு தண்ணீர், அதற்கும் கீழே சேறு. ஏணியை ஊன்றினால் ஒரு பக்கமாகப் புதைந்துகொண்டே போனது. சவுக்குக் கழிகளை அடித்துச் சாரம் கட்டலாம், ஆனால் அதற்கு ஒரு முழுநாள் போய்விடும். கேசவன் தன் அக்கா புருஷன் தேவேந்திரனைக் கூப்பிட்டான். அவரிடம் ஃபைபர் படகு இருந்தது.

படகைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். படகின் குறுக்கே பலகைகளைப் போட்டு, அதன்மேல் அலுமினிய ஏணியை நிறுத்திக் கம்பத்தில் சாய்த்தார்கள். ஏணியின் தலையைக் கட்டக் கயிறு மிச்சமில்லை.

"ஆடுதே கேசவா."

"நீ கீழ கெட்டியா புடிச்சுக்கோ மாமா. ரெண்டு நட்டுதான்."

"இடுப்புல மாட்டுவியே பெல்ட்டு, அது இன்னா ஆச்சு?"

"வண்டியில கீது. அதுக்காக இன்னொரு வாட்டி கரைக்குப் போவணுமா?"

கொந்தளிப்பிலும் கடலுக்குப் போய்வந்த தேவேந்திரனுக்கு, ஏரியில் படகு ஆடுகிறது என்று மறுபடியும் சொல்லக் கூச்சமாக இருந்தது. காலை அகட்டி நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கேசவன் ஏறி, ஒரு நட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். அப்போது இறால் ஏற்றிய எஞ்சின் படகு ஒன்று அந்தப் பக்கமாகப் போனது. ஓட்டியவன் வேகத்தைக் குறைத்துத்தான் போனான். அலையும் பெரிதில்லை. ஆனால் படகு ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்ததில் பலகை வழுக்கியது. காலுக்கடியில் ஏணி இல்லை என்று தெரிந்ததும் கேசவன் கம்பத்தைக் கட்டிப்பிடித்தான். ஏணி தேவேந்திரனின் தோள்மேல் விழுந்தது.

"மாமா! மாமோவ்!"

கேசவன் கம்பத்தோடு சறுக்கி இறங்கினான். தண்ணீர் மட்டத்தில் ஒட்டியிருந்த சிப்பிகள் அவன் கைகளையும் மார்பையும் கிழித்தன. தேவேந்திரன் படகுக்குள் உட்கார்ந்திருந்தார். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

எஞ்சின் படகுக்காரர்கள் திரும்பி வந்து இருவரையும் கரைசேர்த்தார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் தேவேந்திரனுக்குத் தோளருகே காறை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். சில மாதங்களுக்கு வலை தூக்கக்கூடாது.

அக்கா மனோரமா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். கேசவன் கட்டுப்போட்ட கைகளோடு எழுந்து நின்றான்.

"திடீர்னு படகு வந்துடுச்சுக்கா. எனக்கும் பாரு, கையெல்லாம்..."

"உனக்கு ஏறணும்னு தோணுச்சு, ஏறின. விழுந்தா உன் உடம்பு. அவரு இன்னாத்துக்குடா அடி வாங்கணும்?"

காலையில் அவன் உயரம், பிடிமானம், தன் எடை எல்லாவற்றையும் யோசித்திருந்தான். மாமாவை மட்டும் யோசிக்கவில்லை. அவரை ஏணியின் இன்னொரு காலாகத்தான் வைத்திருந்தான்.

காயம் ஆறியதும் மாமாவின் படகில் அவருக்குப் பதிலாகக் கேசவன் போனான். அவரோடு மீன்பிடிக்கும் கூட்டாளி சந்தோஷ் சொன்னதையெல்லாம் செய்தான். வலையைச் சிக்கலாக்கினான், கெளுத்தி முள்ளிலும் இறால் கொம்பிலும் கையைக் குத்திக்கொண்டான். கொண்டுவந்ததை மனோரமா கூடையில் வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். அவனிடம் பேசவில்லை.

விளக்கு வேலை அப்படியே கிடந்தது. ஒருநாள் கேசவன் சந்தோஷைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் ஆழமாகக் கழிகளை இறக்கிச் சாரம் கட்டினான். எஞ்சின் படகுகளை வேறு பக்கமாகப் போகச் சொல்லித் துறையில் முன்கூட்டியே சொல்லிவைத்தான். சந்தோஷையும் படகோடு தள்ளி நிற்கச் சொன்னபிறகுதான் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினான்.

முடித்துக் கரைக்கு வந்தபோது தேவேந்திரன் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் மனோரமா. அவள் ஒரு டிபன் பாக்ஸைத் தம்பியின் பைக் சீட்மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

"அவ பேச இன்னும் கொஞ்ச நாளாவும்" என்றார் தேவேந்திரன்.

"ஆவட்டும் மாமா."

நண்டுக் குழம்பு ஊற்றிய சோறு. கேசவன் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.