மணியம்மையின் பொறாமைக்கு ஒரு விளக்கம்

1

மனித உணர்ச்சிகள் அத்தனையும் ஏன் உண்டாயின என்பதை, நான்கே பக்கங்களில், குழந்தைகளுக்கும் விளங்கும்படி இந்தக் கதையில் தீர்த்துவைக்கப் போகிறேன். இதற்கப்புறம் இந்த விஷயமாக உலகத்தில் யாரும் எழுதவேண்டிய அவசியம் இராது.

நான்கு பக்கம் என்பது என் அடக்கத்தால் அல்ல, யுத்தகாலக் காகிதக் கட்டுப்பாட்டால். கல்லூரி மாணவர்கள் விஞ்ஞானக் கதை எழுதி அனுப்பலாம் என்று சென்னையில் ஒரு குழந்தைகள் பத்திரிகை விளம்பரம் செய்திருந்தது. நான் பிராணி சாஸ்திரம் படிக்கிறவன். கோடை விடுமுறைக்குத் திருத்தணிக்கு வந்திருக்கிறேன். வேறு வேலையும் இல்லை. கதை பிறந்த வரலாறு இவ்வளவுதான்.

எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். குழந்தைகள் கதைகளில் இரண்டாம் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு ஜுரம் வரும். நாலாம் பக்கத்தில் கதாசிரியர் தம் பேனாவாலேயே அதை இறக்கிவிடுவார். வைத்தியம் படிக்காதவர்கள் இப்படி வைத்தியம் பார்ப்பதை சர்க்கார் எப்படித்தான் அனுமதிக்கிறதோ! என் கதையில் அது நடக்காது.

2

முதல் ஆரம்பம்: "பல லட்சம் வருஷங்களுக்கு முன்னால் ஒரு குரங்கு பயந்தது. அந்தப் பயத்தின் மகத்துவத்தை"

இங்கே நிறுத்தி, எதிர்வீட்டுத் தங்கவேலுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்கு ஒன்பது வயது.

"எதப் பாத்துண்ணா பயந்திச்சி?"

"புலியப் பாத்து. பயந்தது மரத்துல ஏறிடுச்சி. பயப்படாததப் புலி தின்னுடுச்சி."

"அப்ப நாம்பல்லாம் பயந்தாங்கொள்ளிக் கொரங்கோட பேரப்பசங்களா?"

"ஆங்."

"உன்னப் பாத்தாலே தெரியுதுண்ணா" என்று சொல்லிவிட்டுக் கில்லி ஆடப் போய்விட்டான்.

(நான் ஒன்றரைப் பக்கத்துக்குத் திட்டமிட்டிருந்ததை அவன் ஒரே கேள்வியில் முடித்துவிட்டதால், பயம் என்ற அத்தியாயம் இத்துடன் முற்றிற்று.)

3

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். கதையில் சேர்க்காமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.

பிரசவத்துக்கு அம்மையார்குப்பத்திலிருந்து வந்த என் அக்கா ஜெயம்மாள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். அவளுடைய மூன்று மாதக் குழந்தை உள்ளறையில் மூன்று நாளாக ஜுரத்தில் கிடக்கிறது. அத்தான் தறியை விட்டுவிட்டு நேற்று ஓடிவந்தார். மூத்தவள் மணியம்மைக்கு ஏழு வயது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் என் மேஜைக்கடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"மாமா, பொறாம எதுக்கு வந்திச்சி?"

"யாருக்கு?"

"ஒரு பொண்ணுக்கு."

"எந்தப் பொண்ணு?"

"உன் கதையில வர்ற பொண்ணு."

என் கதையில் பெண்ணே கிடையாது. இப்போது சேர்த்துவிட்டேன்.

4

"தாய்க் கொரங்குக்குக் கையி எத்தினி, மணி?"

"ரெண்டு."

"ஒரே குட்டி இருந்தப்ப ரெண்டு கையும் அதுக்குத்தான். அப்புறம் தம்பிக் குட்டி பொறந்திச்சி. சும்மா ஒக்காந்திருந்த மூத்த குட்டிய மறந்துட்டுக் கூட்டம் அடுத்த மரத்துக்குப் போயிடும். 'நானும் கீறேன்'னு கத்தி ரகள பண்ண குட்டியத்தான் தாய் தூக்கிகினு போச்சு.* அதோட வம்சம்தான் நாம்ப. பொறாமன்றது அந்தச் சத்தம்தான். அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

(* இதை எந்தக் குரங்கும் நேரில் வந்து உறுதிப்படுத்தவில்லை.)

நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். மணியம்மை நினைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு கத்தல மாமா. மலமேல போயி, யாருக்கும் கேக்காம சாமிகிட்ட சொல்லிச்சி."

"இன்னான்னு?"

"தம்பிய நீயே எடுத்துக்கோன்னு. எறங்கி வந்தப்பவே அவன் ஒடம்பு சுட்டுது."

செய்த தப்பு ஏன் நெஞ்சை அரிக்கிறது என்பதை விளக்கவும் என் கைவசம் ஒரு குரங்கு இருந்தது. அதை வெளியே விடவில்லை.

"ஜுரம் கிருமியால வருது, மணி. வாயால சொல்றதுக்கெல்லாம் அவ்ளோ சக்தி கெடையாது."

அவள் மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்து என் காகிதங்களைப் பார்த்தாள்.

"அப்ப நீ இன்னாத்துக்கு மாமா இத்தினி எழுதிகினு கீற?"

5

முடிவுகளை யோசித்தேன்.

முதல் முடிவு: அந்தப் பெண் அறிவு பெற்றாள். தம்பியை நேசித்தாள். (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அவள் தம்பியை ஏற்கெனவே நேசிக்கிறாள் என்பதுதான் இங்கே கஷ்டமே.)

இரண்டாம் முடிவு: அன்று மாலை குழந்தை

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை என்று நினைக்காதீர்கள். பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

(மை தீரவில்லை.)

6

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "கோதண்டா, ஈரத்துணி போட்ட மாத்திரத்துல காஞ்சிப் போவுதுடா. டாக்டரு வண்டி வருதான்னு பாரு!"

தெருமுனைவரை போய்ப் பார்த்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தது. வண்டியைக் காணோம். டாக்டர் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்போது மணி நாலேமுக்கால்.

திரும்பி வந்தபோது மணியம்மை என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பிக்கு நல்லாயிட்ச்சின்னு எழுது மாமா."

"ஆவாததுக்கு முன்னாடி எழுதினா அது பொய்யி."

"நான் சொன்னப்ப அவனுக்கு ஜொரம் இல்லியே. அது மட்டும் ஆயிட்ச்சே."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடப்பதாலேயே ஒன்றுக்கு மற்றொன்று காரணமாகிவிடாது. இதை வாசகர்களாகிய உங்களுக்குச் சொல்ல முடிகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிற ஏழு வயதுக்குச் சொல்ல முடியவில்லை.

புதிய தாளை எடுத்தேன். எழுதினேன்.

"குழந்தைக்கு ஜுரம் இறங்கிவிட்டது."

மணியம்மை இரண்டாம் வகுப்பு. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கடைசி எழுத்துவரை வந்ததும், தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க உள்ளே போனாள்.

வாசகர்களே, நீங்கள் கதையை முடித்துக்கொள்ளலாம். எந்தக் குரங்கை வைத்து வேண்டுமானாலும் விளக்கிக்கொள்ளுங்கள். உள்ளறையிலிருந்து எனக்கு இன்னும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அந்த வரியில் அவள் விரல் பட்டு மை கொஞ்சம் கலைந்திருந்தது. கதவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. பேனாவை எடுத்து, அதே எழுத்துகளின்மேல், ஒன்றுகூட விடாமல், இன்னொரு தரம் அழுத்தி எழுதினேன்.