பெரிய மீன் வரிசையில் ஒருவர்

செத்துப்போன மதகுக்காரர், அவருடைய மனைவி அணை வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு, மீன்களோடு மீனாகப் படியேறி வந்தார். நீலச் சட்டையின் மேல் பொத்தானைத் தவிர எதுவும் குறையவில்லை. முந்தைய ஆண்டு வெள்ளத்தில், மதகுக் கம்பியில் சிக்கிய மரக்கிளையை இழுக்கப் போய் வழுக்கி விழுந்தார்; உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் மனைவிக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஆறு வாரம், கடலிலிருந்து முட்டையிட வரும் மீன்களை அணைக்கு மேலே அனுப்ப வேண்டும். அணையோரமாகச் சிமென்ட் தொட்டிகள் படிபோல ஏறும். கடைசித் தொட்டியை ஒட்டி அவளுடைய அறை: தொட்டிக்குள் பார்க்கச் சுவரில் ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, அடைப்பைத் தூக்கும் இரும்புச் சக்கரம். தொட்டி நிறைந்ததும் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். அரை மணிக்கு மேல் நிறுத்தினால் மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும்.

கண்ணாடிக்கு அப்பால் நின்றபடி அவர் கேட்டார்: "பின்கதவு தாழ்ப்பாள சரி பண்ணுனியா?"

"இல்லீங்க."

"நான் சொல்லி நீ எத கேட்ட."

பதற்றத்தில் அவள் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அவர் போய்விட்டார்.

மேற்பார்வையாளர் மீன் எண்ணிக்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, மனிதருக்குத் தனி வரிசை இல்லை, பெரிய மீனில் சேர்த்துக்கொள் என்றார். "ஆனா யாரா இருந்தாலும் அரை மணிதாம்மா."

இரண்டாம் ஆண்டு தாழ்ப்பாள் சரியாகியிருந்தது. வீட்டில் கிடந்த பொத்தானையும் கொண்டுவந்து காட்டினாள். அவர் சிரித்தார். மூன்றாம் ஆண்டு சட்டையின் நீலம் முதுகுச் செதிலாகப் படிந்திருந்தது. நம் வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று கேட்டார். மூன்று என்றாள். "மூணா," என்றார், யார் வீட்டைப் பற்றியோ கேட்பதுபோல.

அடுத்த ஆண்டு இதையும் கேட்கமாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. சக்கரத்தைத் தொடவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள். அரை மணி போயிற்று, இன்னொரு அரை மணியும் போயிற்று. கீழ்த்தொட்டிகளில் மீன்மேல் மீன் ஏறியது. வெள்ளை வயிறுகள் மிதக்கத் தொடங்கின. அவர் அவளைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் தொறங்கம்மா," என்றார், பேருந்தில் முன்னால் நிற்பவரிடம் சொல்வதுபோல. "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

பன்னிரண்டு ஆண்டுக் குடித்தனத்தில் அவர் அவளை அப்படி அழைத்ததே இல்லை. முன்பின் தெரியாத பெண்களிடம்தான் அப்படிப் பேசுவார். அவள் சக்கரத்தைச் சுற்றினாள். அன்று செத்தவை நாற்பத்தொன்று. அவள் அவற்றை அள்ளிய கூடையின் மறுபக்கத்தை மேற்பார்வையாளர் பிடித்துக்கொண்டார்.

நான்காம் ஆண்டு ஏறி வந்தவை எல்லாம் மீன்கள். சட்டையும் இல்லை, முகமும் இல்லை. பெரியவற்றில் ஒன்று கண்ணாடியருகே சற்று நின்றதுபோலிருந்தது. பிறகு இன்னொன்றும் நின்றது.

பத்தொன்பது பருவங்களாக அவள் ஒரு நிமிடம்கூடத் தாமதித்ததில்லை. கண்ணாடியைக் கடக்கும் ஒவ்வொரு மீனிடமும், பெரிதோ சிறிதோ, "தாழ்ப்பாள் போட்டாச்சு, பாத்துப் போங்க," என்கிறாள். ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது வரும். மாலைக்குள் தொண்டை கட்டிக்கொள்வதால், அந்த ஆறு வாரமும் அவளுக்கு வெந்நீரை அலுவலகமே வைத்துக் கொடுக்கிறது.