அஞ்சு மில்லி முதுகு

என் கழுத்தை அறுப்பதற்கென்று வாங்கிய கத்தியை, என் தங்கை புருஷன் என்னிடமே சாணை பிடிக்கக் கொண்டுவந்தார். காலை பதினொரு மணி இருக்கும். நான் பட்டறையில் ஒரு தையற்காரரின் கத்தரிக்கோலைக் கல்லில் வைத்திருந்தேன்.

"யாருக்கு மாப்பிள்ளை?" என்றேன், கல்லை நிறுத்தாமல்.

"உங்களுக்குத்தான் மச்சான். கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க."

நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவர் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். எல்லாரும் கடப்பாரை என்று கூப்பிடுவார்கள். கொல்ல வந்தபோதும் மரியாதையை விடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு மூன்று நாள் முன், சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று என் தங்கையின் தலையைக் கதவு நிலையில் நாலு தடவை மோதியிருக்கிறார். அவள் இரண்டு பற்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளை அனுப்புங்க, இல்லாவிட்டால் கழுத்தைக் கொடுங்க என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார். அனுப்பமாட்டேன் என்றேன். மிச்சம் இருந்தது கழுத்துதான்.

வேறு சாணைக்காரர்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார்கள். அவர்கள் தீட்டிய கத்தி பல் குத்தக்கூட ஆகாது. நான் தீட்டிய கத்தியில் நறுக்கிய தக்காளிக்கு, தான் இரண்டாகிவிட்டது மறுநாள்தான் தெரியவரும். கடப்பாரைக்கு எதிலும் நல்ல வேலை வேண்டும்.

கத்தியை வாங்கிப் பார்த்தேன். மடக்குக் கத்தி. விரித்தபோது சத்தம் எல்லாம் பிரமாதமாக வந்தது. வாய்க்கு எதிர்ப்பக்கம், அதன் முதுகை அளந்தால் முழுசாக அஞ்சு மில்லிமீட்டர். அந்தத் தடிமன் முக்கால்வாசி தூரம் குறையாமலே வந்து, கடைசியில் திடீரென்று சரிந்து வெட்டுகிற வாயாகியிருந்தது. கத்தி வேஷம் போட்ட ஆப்பு.

"மாப்பிள்ளை, இது அறுக்காது. வாய் உள்ள போனதும், பின்னாடி வர்ற தடிமன் மாட்டிக்கும். ரெண்டு பக்கமும் இழைச்சு மெலிசாக்கித் தரட்டுமா? தண்ணிக்குள்ள போற மாதிரி போகும்."

நாற்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போனது, தானாக வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் கழுத்து யாருடையது என்று ஞாபகம் வந்தது.

"யார்கிட்ட மச்சான்? மெலிசாக்கிட்டா அது வெங்காயம் நறுக்குற கத்தி. பாத்தாலே ஒன்னுக்குப் போகணும், அதான் கத்தி. முதுகுல கை வைக்காதீங்க. வாயை மட்டும் தீட்டுங்க."

உள்ளே அடுக்களையில் என் தங்கை வெங்காயம்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது என் பழைய கத்தி. இருபது வருஷமாக இழைத்து இழைத்து மெலிந்தது; கண்ணுக்கு முன்னால் பிடித்தால் அதன் வழியாகவே வெளியே வெயிலா மழையா என்று சொல்லிவிடலாம். நறுக்குகிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

வாயை மட்டும் தீட்டினேன். வேலையில் கள்ளம் செய்யவில்லை. அவர் இடது கை சட்டையைச் சுருட்டி, முன்னங்கை முடியை ஒரு வழி வழித்துப் பார்த்தார். சுத்தமாக வந்தது. முடிக்கு ஏது தடிமன்? அதை வழிக்க வாய் மட்டும் போதும். இதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வழித்த இடத்தில் இன்றுவரை முடி முளைக்கவில்லை.

"அருமை மச்சான். மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லி, என் தலைமுடியைப் பிடித்துச் சாணைச் சட்டத்தில் மோதினார்.

கண்ணுக்குள் பொறி பறந்தது. வேலைக்காக இடுப்பில் கட்டியிருந்த தடித்த எருமைத்தோலைத் தாடை வரைக்கும் இழுத்துக்கொண்டு கீழே சரிந்தேன். மார்பில் முழங்காலைப் போட்டு, காதிலிருந்து காதுவரை என்று குறிவைத்து இழுத்தார். எருமைத்தோல் விரல் அகலத்துக்கு வாயைத் திறந்தது. அப்புறம் கத்தியின் தடிமன் வந்தது. தோல் அதைக் கவ்வி வாயை மூடிக்கொண்டது. நுனி மட்டும் என் தோள்பட்டையில் இறங்கியது. பதினாலு தையல், பெரிதாக ஒன்றுமில்லை.

அவர் அழுத்தினார். முக்கினார். நின்றுபோன கத்தியை மூட்டை தூக்குகிற பலத்தோடு திருகினார். மடக்குக் கத்தியை விரித்தபடி தாங்குவது உள்ளே ஒரு துண்டுத் தகடு. அது நழுவியது. அலகு தோலிலேயே நிற்க, பிடி மடங்கியது. நான் தீட்டிய வாய் அவருடைய நாலு விரல்கள் மேல் மூடியது. விரலில் சதை கொஞ்சம்தான், அதுவரைக்கும் நன்றாகவே அறுத்தது. எலும்பில் போய் அங்கேயும் ஆப்பாக நின்றுவிட்டது. சாணைக்கல்லுக்குக் கீழே இருந்த தண்ணீர் சிவப்பாயிற்று.

"எடுங்க மச்சான்! ஐயோ, எடுங்க!"

"ஆடாதீங்க மாப்பிள்ளை. ஆடினா எலும்பைப் பிளந்துரும்."

"அண்ணே, நகரு" என்று குரல் கேட்டது.

தங்கை வந்து அவர் முன்னால் குந்தினாள். அவள் கையிலிருந்த பழைய கத்தியில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. வீங்கிய கண்ணோடு அவர் சட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இஸ்திரி போட்டுத்தான் வந்திருக்கீங்க."

"வேணாம்மா" என்றார் அவர். அவளை 'ம்மா' போட்டு அவர் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான்.

கத்தியை அவர் கழுத்தோரம் கொண்டுபோனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சட்டையின் இடது தோள் தையலைச் சுற்றி ஒரு இழுப்பு. சத்தமே இல்லை. சட்டைக் கை, தானே முடிவெடுத்ததுபோல் கழன்று விழுந்தது; தோலில் ஒரு கீறல் கிடையாது. கத்தியை மிச்சமிருந்த பற்களில் கடித்துக்கொண்டு, அந்தத் துணியால் அவர் மணிக்கட்டை ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டினாள்.

கட்டி முடித்ததும் கத்தியைத் திரும்பக் கையில் எடுத்தாள். கீழே வைக்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கத்தி இருக்கும். நேருக்கு நேர் பார்த்தால் இருக்காது, அவ்வளவு மெலிசு. அவர் கண்ணைத் திறந்து அதன் வாயை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.