காப்புக் கட்டிய டர்போ

ஒரு குலத்தின் மானம், அதன் மூத்த ஆண்மகன் எப்படிப் போய் இறங்குகிறான் என்பதில் இருக்கிறது. நல்லதோ கெட்டதோ, அவன் வந்து இறங்கும்போது வாசலில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அப்படி எழ வைக்கிற வருகைதான் வருகை. மற்றதெல்லாம் வெறும் பயணம். மணலூர்பேட்டை சடையன் தன் ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையின் சாரமாகக் கண்டுபிடித்து வைத்திருந்தது இதைத்தான். அவர் கடைசியாகப் போய் இறங்கிய இடம், கச்சிராயபாளையம் தாண்டி மலைச்சாலையின் இரண்டாவது கொண்டை ஊசி வளைவு. வண்டி அதற்கு மேல் ஏறவில்லை. எழுந்து நின்றது ஒரு குரங்கு மட்டும். அதுவும் கையில் வாழைப்பழம் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டது.

மேலே, கல்வராயன் மலையில், அவருடைய ஒரே தங்கை கண்ணகி சாகக் கிடந்தாள்.

நுரையீரல். பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். புருஷன் அய்யப்பன் மலையில் ரேஷன் கடை சேல்ஸ்மேன். அவன் போன் செய்து சொன்னது ஒன்றுதான்: "மச்சான், அவ எதுவும் கேக்கல. உங்கள ஒரு தடவை பாக்கணும்னு மட்டும் சொல்றா."

பார்க்கலாம்தான். ஆனால் பார்க்கப் போவதற்கென்று ஒரு முறை இருக்கிறதே. சடையன் சாதாரண ஆள் இல்லை. பெண்ணையாற்றங்கரைக் கரும்பு விவசாயிகள் உரிமைப் பேரவையின் நிறுவனத் தலைவர். பேரவையில் ஐந்து உறுப்பினர்கள். அதில் மூன்று பேர் பங்காளிகள், ஒருவர் வெளிநாட்டில். லெட்டர்பேடு மட்டும் நாலு கலரில் இருந்தது. முன்பு ஒருமுறை கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபத்தில் யாரோ ஒருவன் "எதுல வந்தீங்க தலைவரே?" என்று கேட்டபோது, தன் பழைய மொபட்டை மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர் லாரி மறைவில் நிறுத்தியிருந்த சடையன், "வந்தாச்சு, வந்தாச்சு" என்று சொல்லிச் சமாளித்தார். அன்றைக்கு எடுத்த சபதம்தான் இந்த ஏழு பேர் உட்காரும் வெள்ளை டீசல் வண்டி. ஒரு காண்ட்ராக்டர் கைமாற்றிவிட்டது. வாங்குவதற்கு முன் கோமுகி அணை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். பறந்தது.

வாங்கிய மறுநாள் குலதெய்வம் கோயிலில் பூஜை. நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசாரி மஞ்சள் தோய்த்த காப்புக் கயிறு ஒன்றைக் கொடுத்து, கண்ணாடியில் கட்டிக்கொள்ளச் சொன்னார். கண்ணாடியில் எல்லோரும்தான் கட்டுகிறார்கள். சடையன் பானட்டைத் திறக்கச் சொன்னார். காப்பு என்றால் கையில்தானே கட்ட வேண்டும்? எஞ்சினுக்குக் கை எது என்று தேடினார். சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய், மணிக்கட்டு மாதிரி வளைந்து கிடந்தது. அதில் மூன்று முடிச்சு போட்டார். எதையும் தளர்வாகக் கட்டுகிற ஆள் இல்லை அவர். பல்லைக் கடித்து இழுத்தார்.

அதற்குப் பிறகுதான் வண்டிக்கு நோவு வந்தது. சமதரையில் ராஜா மாதிரி போகும். மேடு என்று ஒன்றைக் கண்டால் போதும், கரும்புகை கக்கி, எஞ்சின் விளக்கைப் போட்டுக்கொண்டு, பின்னால் வருகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் கட்டிவிடும்.

கள்ளக்குறிச்சியில் பிரவீன்குமாரின் ஒர்க்‌ஷாப்புக்கு ஏசி இருந்தது. அவன் ஒரு ஸ்கேனரைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினான். "பூஸ்ட் பிரஷர் கம்மியா காட்டுது சார். டர்போதான் காத்த அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டணும். உங்க வண்டிக்குக் காத்து பத்தல. அதான் எஞ்சின் பயந்துக்கினு சக்தியக் கொறச்சிடுது."

முதலில் சென்சாரை மாற்றினான். அடுத்த வாரம் டர்போவையே மாற்றினான். ஒவ்வொரு தடவை பானட்டைத் திறக்கும்போதும் அந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் கையில் ஸ்பானர் அந்தக் கயிற்றைச் சுற்றிப் போனதே தவிர, ஒருமுறைகூட அதன்மேல் பட்டதில்லை. "சாமி கயிறு சார். நான் கை வைக்க மாட்டேன்."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ள" என்று நெகிழ்ந்துபோனார் சடையன்.

புது டர்போவோடு கிளம்பியவர் அதே இரண்டாவது வளைவில் மறுபடியும் இறங்கினார். இதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, காண்ட்ராக்டரின் மோசடி. நாலு கலர் லெட்டர்பேடில் புகார் எழுதி, நகல் கலெக்டருக்கு என்று கீழே போட்டு அனுப்பினார். இரண்டு, கண்ணேறு. பங்காளி ஒருத்தன் பெயரைக் கோயில் வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டு, பழைய கயிற்றின் மேலேயே இரண்டாவது கயிற்றைக் கட்டினார். முன்னதைவிட இறுக்கமாக.

கண்ணகி போன் செய்தாள். "எப்பண்ணே வர?"

"ரெண்டே நாளும்மா. வண்டி ரெடியாயிக்கினே இருக்குது."

"அதுக்கு இன்னாண்ணே?"

"மூச்சு வாங்குது. காத்து பத்தலயாம்."

கண்ணகி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமானது. "எனக்கும் அதாண்ணே. ரெண்டு பேரையும் ஒரே மெக்கானிக்குகிட்ட காட்டிடலாம்." கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, "பஸ்ல வாண்ணே. கள்ளக்குறிச்சியில ஏறிக் குந்துனா இங்கதான் எறங்கப்போற" என்றாள்.

"பஸ்லயா? உன் மாமியார் வூட்டு ஜனம் இன்னா பேசும்?"

"அவங்கல்லாம் செத்து எத்தினி வருசம் ஆவுது."

சடையனின் மனைவி காசியம்மாள் இதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் ஒரு பையில் இரண்டு புடவையை மடித்து வைத்தாள். "இன்னாங்க, உங்க வண்டிக்கு ஒடம்பு தேறட்டும். நான் போயி அவ கூட இருக்கறேன்."

"தலைவர் பொஞ்சாதி பஸ்ல போனா நாலு பேரு இன்னா நெனைப்பான்?"

"தலைவர் பொஞ்சாதிக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டே கெடையாது. சும்மா கூட்டிக்கினு போறான்" என்றபடி செருப்பை மாட்டினாள்.

கடைசியில் வண்டி சங்கராபுரத்துக்குப் போனது. மார்ட்டின் ஷெட்டுக்கு ஏசி கிடையாது, பாதிக் கூரையும் கிடையாது. நாற்பது வயது ஆள். சோப்புத் தண்ணீரைக் கரைத்து, டர்போவிலிருந்து போகிற குழாய்கள் மேலெல்லாம் தெளித்து, வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னான். எங்கேயும் நுரை கிளம்பவில்லை. காற்று ஒழுகவில்லை என்று அர்த்தம். அப்புறம் டர்போவின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னக் கம்பியைக் காட்டினான்.

"இத மட்டும் பாருங்கண்ணே. ஸ்டார்ட் பண்ண ஒடனே இது மேல ஏறணும். ஏறுனாதான் டர்போ வேல செய்யும்."

ஸ்டார்ட் செய்தார்கள். கம்பி அசையவில்லை. கம்பியை இழுக்கிற டப்பாவிலிருந்து ரப்பர் குழாயைப் பிடுங்கி, கைப்பம்பை மாட்டி உறிஞ்சினான் மார்ட்டின். கம்பி சொடக்கென்று ஏறியது. டப்பா நன்றாக இருந்தது, டர்போ நன்றாக இருந்தது, அங்கே வந்து சேர வேண்டிய உறிஞ்சல்தான் வரவில்லை. குழாயை விரலால் தடவிக்கொண்டே பின்னால் போனான். இரண்டு மஞ்சள் கயிறு கட்டிய இடத்தில் விரல் நின்றது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, கொழாய் நெரிஞ்சிக்கினு கீது."

"எங்க?"

"கயித்துக்குக் கீழ."

சடையன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். அவ்ளோ பெரிய எஞ்சின்ல உனக்கு சாமி கயிறுதான் கண்ணுல பட்டுதா?"

"அதுக்குத்தாண்ணே கை வெக்கல. நான் அறுத்தா, நாளைக்கி டயர்ல முள்ளு குத்துனாலும் மார்ட்டின் கயித்த அறுத்தான்னுவீங்க. நீங்களே அறுங்க. பிளேடு தரேன்."

"கட்டுன காப்ப கண்டவன் அறுக்கறதா?" சடையன் பூசாரிக்குப் போன் போட்டு, அவர் வாயாலேயே மார்ட்டின் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். பூசாரி எங்கேயோ சந்தையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அறுத்துப் போடுங்க தலைவரே. கடையில வாங்குன நூலுதானே, வேற ஒண்ணு தரேன். சாமி இன்னா கயித்துலயா குந்திக்கினு கீது?" என்றார். மார்ட்டின் முகத்தைத் திருப்பி, தூரத்தில் மேய்ந்த ஓர் ஆட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

சடையன் நின்றார். கயிறுதான் காரணம் என்றால், கட்டியது யார்? முடிச்சு யார் போட்டது? நல்ல டர்போவைக் கழற்றி எறிய வைத்தது யார்? கலெக்டருக்குப் போன கடிதம்? பெயர் சொல்லித் திட்டு வாங்கிய பங்காளி? இன்றைக்கு இந்த ஷெட்டில் பிளேடால் அறுத்தால், சாயங்காலத்துக்குள் சங்கராபுரம் முழுக்கச் சிரிக்கும். நாள் பார்த்து, பூ வைத்து, முறைப்படி அவிழ்த்தால், காப்பு தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று ஆகிவிடும். யார் மேலும் பிழை இல்லை.

"அமாவாசைக்குப் பதினோரு நாள் கீது. அன்னிக்கு அவுத்துக்கலாம்."

"மலையில தங்கச்சி சீரியஸா கீதுன்னீங்களேண்ணே."

"அதுக்காக சம்பிரதாயத்த வுட முடியுமா?"

மார்ட்டின் கையைத் துடைத்துக்கொண்டான். "என் வண்டியில வாங்க. ரெண்டு மணி நேரம். பாத்துட்டு வந்துடலாம்."

சடையன் அவனுடைய பைக்கைப் பார்த்தார். சீட் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. தன் வண்டியில் ஏறி வீட்டுக்குத் திருப்பினார்.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் காசியம்மாள் போன் செய்தாள்.

"போயிட்டா."

சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்தவில்லை. "வுடியகாலம் வரைக்கும் கதவத்தான் பாத்துக்கினு இருந்தா. வண்டி சத்தம் கேட்டா 'அண்ணி, அண்ணனா பாரு'ன்னா. ஒரு தடவ பால் வண்டி. ஒரு தடவ மரவள்ளிக் கெழங்கு லோடு. அப்பறம் கேக்கறதையும் வுட்டுட்டா." போனை வைத்துவிட்டாள்.

அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. சடையன் வீட்டுக்குள் போய் பாக்குவெட்டியை எடுத்து வந்தார். பானட்டைத் திறந்து, சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, இரண்டு கயிற்றையும் வெட்டினார். இரண்டு நொடி வேலை. சாமியை யாரும் கேட்கவில்லை. சாமியும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டார்ட் செய்தார். கம்பி மேலே ஏறியது.

கள்ளக்குறிச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கி, பேரவையின் பெயர் அச்சடித்த ரிப்பனைக் குறுக்கே கட்டி, பின் சீட்டில் கிடத்தினார். கச்சிராயபாளையம் தாண்டி மலை தொடங்கியது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. காலை லேசாக அழுத்தியதும் டர்போ விசிலடித்தது. பின்முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுவது போல வண்டி எகிறியது. முன்னால் திணறிக்கொண்டிருந்த பஸ்ஸை ஒரே இழுப்பில் முந்தினார். "அடடா!" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகுதான் எங்கே போகிறோம் என்பது நினைவுக்கு வந்தது. முகத்தைச் சரி செய்துகொண்டார்.

வெள்ளிமலை தாண்டி கண்ணகியின் ஊருக்கு வந்தபோது மணி பதினொன்று. முச்சந்தி மாதிரி ஓர் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. சடையன் வண்டியை நிறுத்தினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கண்ணாடியை இறக்கி, டீக்கடைக்காரரைக் கையைக் காட்டி அழைத்தார். அவர் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ரேஷன் கடை அய்யப்பன் வூடு எதுங்க?"

"வலது பக்கம் போங்க. பந்தல் போட்டுக்கினு இருக்காங்க, தெரியும்." கடைக்காரர் பின் சீட்டில் கிடந்த மாலையை எட்டிப் பார்த்தார். "நீங்க யாருங்க அவங்களுக்கு?"

"சொந்தம்" என்றார் சடையன்.

கண்ணகி வாழ்க்கைப்பட்டு அந்த ஊருக்குப் போய் இருபத்திரண்டு வருஷம். வருஷா வருஷம் பொங்கல் சீர் பஸ் கண்டக்டர் கையில்தான் போயிற்று. சடையன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.